வழியில் கிடந்த தூண்டில்கள்

நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே தூண்டில்கள் கிடந்தன.

ஏணிப்படி போட்டதுபோல ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கிடந்தன. முதலில் ஒரு மூங்கில் கம்பு, அடுத்து கடையில் வாங்கிய கறுப்புக் கம்பு, மறுபடியும் மூங்கில். ஞாயிற்றுக்கிழமை காலை. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பவில்லை. அக்கரையில் தலவாக்கலைப் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது. ரயில் தெரியவில்லை.

பாதையின் ஒரு பக்கம் வெட்டிவிட்ட மண்மேடு. மறு பக்கம் சரிவு. சுற்றிப் போக இடமில்லை.

கரையில் குந்தியிருந்த பாலையா அண்ணன் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"தங்கவேலு, நீ வா. தங்கச்சி அங்கேயே நிக்கட்டும்."

தங்கச்சி என்று அவர் சொன்னது என் மனைவி சரோஜாவை. மண்புழு போட்ட யோகட் கப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் எனக்குப் பின்னால் நின்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பெண் தாண்டிய தூண்டிலில் மீன் ஏறாது என்பது எங்கள் கரையில் உள்ள நம்பிக்கை. அடுத்தவன் தூண்டிலை அவனைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது எங்கள் கரையில் உள்ள சட்டம். இரண்டையும் சேர்த்தால் பாதை மூடிவிடும். வேலி வேண்டாம், பூட்டு வேண்டாம். மூன்று கம்பைக் குறுக்கே போட்டால் போதும்.

பாலையா அண்ணன் கெட்டவர் இல்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கரையில் அவர் சொல்தான் எடுபடும். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கவே கூச்சப்படுகிற ஆள். காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதும் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கியே பழகியவன்.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் ஒரு வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டொபி டின்னுக்குள்

நான் மீன் பிடிப்பேன் என்று இந்தத் தொடரில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அட்டன் பக்கத்து வாசகர் ஒருவர் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாராம்: "கம்பு வாங்கிட்டேன். இன்னும் என்னென்ன வேணும்?" இன்னொருவர், தூண்டில் முள்ளைப் பற்றியெல்லாம் எதற்கு எழுதுகிறார், தோட்டத்துப் பெரிய பிரச்சினைகளை எழுதச் சொல்லுங்கள் என்றாராம்.

பெரியதை எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த வாரம் நான் தூண்டில் முள்ளைப் பற்றித்தான் எழுதுவேன்.

அட்டன் நண்பரே, கம்பைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். உங்கள் கம்பு எந்த ஊரில் செய்தது என்று மீன் பார்ப்பதில்லை. மீனுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பதெல்லாம் சின்னச் சாமான்கள். அவற்றை மிட்டாய் வந்த ஒரு டொபி டின்னுக்குள் அடக்கிவிடலாம்.

முதலில் ஒரு நகவெட்டி. தங்கூசி என்கிற நைலோன் நூலை முடிச்சுக்குப் பக்கத்தில் ஒட்ட வெட்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. எங்கள் கரையில் பலர் பல்லால் கடிப்பார்கள். ஓட்டோ ஓட்டும் திரவியத்துக்கு முன்பல்லில் ஒரு மூலை இல்லை. கேட்டால், "கல்யாணத்துக்கு முந்தி புடிச்ச கெண்டையோட ஞாபகம்ண்ணே" என்பான். கெண்டை தப்பிவிட்டது என்பதைச் சொல்ல மாட்டான்.

அடுத்து, சைக்கிள் வால்வு டியூப் ஒரு விரல் நீளம். அதைப் பருப்பளவு துண்டுகளாக நறுக்கி, நூலில் கோத்து, மிதப்பின் குச்சியை அதற்குள் செருகிவிட வேண்டும். எங்கள் நீர்த்தேக்கத்தில் மின்சாரத்துக்குத் தண்ணீர் திறப்பதால் ஒரு நாள் ஆழம் இருக்கும், மறுநாள் இருக்காது. மிதப்பை முடிச்சுப் போட்டுக் கட்டியவன் ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பான். டியூப் துண்டு போட்டவன் மேலேயும் கீழேயும் தள்ளிவிட்டுப் பேசாமல் இருப்பான்.

மிதப்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோமை உருட்டி, நடுவே ஒரு ஈர்க்குக் குச்சி குத்தினால் போதும். மேல் பாதிக்கு நகப்பூச்சு பூசுங்கள். சிவப்பு நல்லது. பனிக்குள்ளும் தெரியும்.

நூல் முறுக்கிக்கொள்ளாமல் தன்னால் சுற்றும் சின்னப் பித்தளை வளையங்கள் டவுன் கடையில் கிடைக்கும். அவற்றை மட்டும் வாங்கத்தான் வேண்டும். அவை இல்லாமல் போட்டால் நூல் சிக்கி, காலை முழுவதும் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

ஈயக்குண்டைப் பல்லால் நசுக்காதீர்கள், சின்னக் குறட்டால் நசுக்குங்கள். மீன் முள்ளை விழுங்கிவிட்டால் விரலை விடாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் மறுநுனியில் கத்தியால் ஒரு பிளவு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நூல் வழியே அதை இறக்கி, முள்ளின் மேல் வைத்து அழுத்தினால் முள் கழன்று வரும். மீனுக்கும் நோவு குறைவு.

இவ்வளவும் நானாகச் சேர்த்தவை. டின்னில் இன்னும் சில உண்டு. அவை சரோஜா சேர்த்தவை. ஊக்கு, மணி, விரலில் சுற்றும் துணி. அவை எப்படி வந்தன என்று சொன்னால்தான் பாதையில் கிடந்த கம்புகளுக்குத் திரும்பி வர முடியும்.

குளவி

சரோஜா தேயிலைக் கொழுந்து எடுத்தவள். தோட்டத்தில் கை வேகமான பெண்கள் யார் என்று கேட்டால் முதல் மூச்சிலேயே அவள் பெயர் வரும்.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம். மலையில் நின்ற பெரிய மரத்தில் குளவிக்கூடு கலைந்தது. எதனால் என்று யாருக்கும் தெரியாது. பருந்து கொத்தியது என்றார்கள், காற்று என்றார்கள்.

சரோஜா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் போட்டு, தேயிலைச் செடியின் அடியில் முகம் குப்புறப் படுத்துவிட்டாள். அடுத்த நிரையில் நின்ற புஷ்பம் ஓடினாள்.

சரோஜா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். புஷ்பம் வரவில்லை.

வீக்கம் வடிந்தது. பயம் வடியவில்லை. "காதுக்குள்ள இன்னும் இரையுதுங்க" என்பாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு இருப்பதே ஒரு ஜன்னல். அதைப் பகலிலும் சாத்தி வைத்தாள். அடுப்புப் புகை வெளியே போக வழியின்றி இருவரும் கண்ணைக் கசக்குவோம். ஒரு ஈ பறந்தாலும் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொள்வாள். எல்லாரும் குளிக்கும் தண்ணீர்ப் பீலிக்குப் போகும் வழியில் ஒரு மரம் உண்டு. அதனால் குளிக்கவும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஓடிப் போய் ஓடி வந்தாள். மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதைப் பற்றி நான் பேசவே இல்லை. அவளும் பேசவில்லை.

எனக்குத் தேற்றத் தெரியாது. பக்கத்தில் உட்காரத்தான் தெரியும். உட்கார்ந்தேன். பல மாதம் அப்படியே போயிற்று.

ஒரு ஞாயிறு நான் டின்னை எடுத்தபோது கேட்டாள்:

"நீங்க போற எடத்துல மரம் இருக்கா?"

"இல்ல. தண்ணிதான்."

"ஒண்ணுகூட இல்லையா?"

"தண்ணி ஏறி எறங்குற எடம். புல்லுகூட நிக்காது."

பிறகு செருப்பைத் தேடினாள்.

"அப்ப நானும் வர்றேன்."

சலங்கை கட்டிய தூண்டில்

முதல் நாள், வழியிலுள்ள மரங்களைக் கடக்கும்வரை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்து, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் பக்கத்தில். அதற்கடுத்த சில வாரங்களில் என் கையிலிருந்த கம்பு அவள் கைக்குப் போய்விட்டது. எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது.

டின்னைப் பார்த்து, "இது என்னா குப்பை" என்றாள். எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினாள். முள்களை ஊக்கில் அளவு பார்த்துக் கோத்தாள். தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்கு மாட்டியிருப்பவள் அவள். அதில் ஒன்று இறங்கி டின்னுக்குள் வந்தது. ஊக்கில் கோத்த முள் டின்னுக்குள் உருளாது, விரலில் ஏறாது. முடிச்சு இறுகிவிட்டால் ஊக்கு முனையால் நெம்பி அவிழ்க்கலாம். முள்ளின் காதில் துரு அடைத்தால் குத்தி எடுக்கலாம். இத்தனை வருடம் எனக்குத் தோன்றாதது.

கொழுந்து எடுக்கும்போது விரல் வெடிக்காமலிருக்கச் சுற்றும் துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டாள். நூல் இழுக்கும்போது அது அறுக்கவில்லை. நானும் இப்போது சுற்றுகிறேன்.

மணி கடைசியாக வந்தது. கல்யாணமாகி ராகலையில் இருக்கும் எங்கள் மகளுடைய சின்ன வயதுக் கொலுசிலிருந்து ஒரு மணி. அதை இன்னொரு ஊக்கில் கோத்துக் கம்பின் நுனியில் மாட்டினாள். மீன் தொட்டால் மணி சொல்லும். மிதப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"மணிச் சத்தத்துக்குக் காதக் குடுத்துக்கிட்டு இருந்தா, மத்த இரைச்சல் கேக்கல" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்த மணியை மாட்டாமல் நான் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை.

திரவியம் விடுவானா?

"என்னாக்கா, தூண்டிலுக்குச் சலங்கை கட்டிட்டீங்க? கூத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமாடா தம்பி. ஓம் பல்லு பாட்டுப் பாடும், என் தூண்டிலு ஆடும்."

கரை முழுவதும் சிரித்தது. பாலையா அண்ணன்கூடச் சிரித்தார். சரோஜா வெளியாளோடு பேசிச் சிரித்து அத்தனை காலம் ஆகியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பனி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

லயத்தில் மட்டும் வேறு பேச்சு. "கொழுந்துக்கு வர ஏலாதாம், மீன் புடிக்க ஏலுமாம்" என்று பீலியடியில் காதுபடச் சொன்னார்கள். சரோஜா வீட்டுக்கு வந்து வாளியை வைத்துவிட்டு, "மீன் கொட்டாது, அதான்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. அவள் தனியாக இழுத்த முதல் பெரிய மீன். திலாப்பியா, கையில் அடங்காதது. அதைப் பிடித்துக்கொண்டு என்னிடம் காட்ட ஓடி வந்தாள். வந்த வழியில் பாலையா அண்ணனின் கம்பு கிடந்தது. தாண்டிவிட்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. பாலையா அண்ணன் எழுந்தார். கம்பை எடுத்து, முள்ளை வெட்டித் தண்ணீரில் எறிந்தார். புது முள் கட்டினார்.

அந்த வாரம் அவருக்கு மீன் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. பிறகு மழை பின்வாங்கி, தண்ணீர் கீழே போய், கரையில் யாருக்குமே மீன் இல்லாமல் போயிற்று. காரணம் எல்லாருக்கும் தெரியும், தண்ணீர் இல்லை. ஆனால் தண்ணீரைத் திட்ட முடியாதே.

அப்படித்தான் தூண்டில்கள் பாதையின் குறுக்கே வந்தன.

தாண்டு

"கோவிச்சுக்காத தங்கச்சி" என்றார் பாலையா அண்ணன். "ஆம்பளைங்க பொழங்குற எடம். நீ வந்த பொறகு எவன் சட்டியிலயும் கொழம்பு கொதிக்கல. ஓம் புருசன் வரட்டும், நான் வேணாங்கல."

திரவியம் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கறுப்புக் கம்பு அவனுடையது.

சரோஜா என் முழங்கையைத் தொட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் போயிருப்பேன். கோபக்காரியைச் சாயங்காலம் சமாதானப்படுத்தலாம். அவள் குரலில் எதுவும் இல்லை. திரும்பி மேட்டைப் பார்த்தாள். மேட்டுக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு நடுவே மரங்கள், அதற்கும் மேலே லயம். அவள் அந்தக் காம்பராவுக்குள் நுழைந்து ஜன்னலைச் சாத்திவிட்டால், மறுபடி எந்த ஞாயிறு செருப்பைத் தேடுவாள்? எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. அவளுக்கு மரமில்லாத இடம் இந்த மலையில் இது ஒன்றுதான்.

என்னைப்போன்ற ஆட்களுக்குத் தெரியும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் முதல் வார்த்தை எடுப்பது மலையேறுவதைவிடக் கஷ்டம்.

அதனால் வார்த்தை எடுக்கவில்லை. தோளில் இருந்த என் கம்பை இறக்கினேன். மற்றவர்களின் கம்புகளுக்கு முன்னால், அவள் காலடியில், பாதையின் குறுக்கே வைத்தேன்.

"தாண்டு" என்றேன்.

"என்னாங்க இது..."

"என் தூண்டிலுதானே. தாண்டு."

என்னைப் பார்த்தாள். யோகட் கப்பை ஒரு கைக்கு மாற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டினாள்.

கரையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். நான் குனிந்து கம்பை எடுத்தேன். அப்போது குரல் வந்துவிட்டது. எனக்கே அந்நியமான குரல், கொஞ்சம் கீச்சென்று.

"இதுலதான் இன்னைக்கிப் போடப் போறேன். முள்ளு மாத்த மாட்டேன். மீன் ஏறுனா ஏறுது, ஏறாட்டிப் போகுது."

"தங்கவேலு..." என்றார் பாலையா அண்ணன்.

"ஒங்க தூண்டில நாங்க தொட மாட்டோம்ண்ணே. அது சட்டம். ஆனா வழியில கெடக்குது. வழியில கெடந்தா நடக்குறவங்க தாண்டித்தான் போவாங்க. வேணாம்னா எடுத்துக்கிருங்க."

சரோஜா ஓர் அடி முன்னால் வைத்தாள். முதலில் கிடந்த மூங்கிலுக்குச் சொந்தக்காரன் எழுந்து வந்து எடுத்துக்கொண்டான். அடுத்தது திரவியத்தின் கம்பு. அவன் பாய்ந்து வந்து தூக்கினான். "புதுக் கம்புக்கா, இன்னும் தவணை கட்டி முடியல" என்று முணுமுணுத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் கிடந்தது பாலையா அண்ணனின் மூங்கில். அவர் எழவில்லை.

சரோஜா அதற்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, கொழுந்து நிறுக்குற எடத்துல எங்க கூடைய எத்தன ஆம்பளைங்க தாண்டிப் போயிருப்பீங்க. கொழுந்து கொறஞ்சா போச்சு? நாங்க கூடைய மாத்துனோமா?"

பாலையா அண்ணன் தண்ணீரையே பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க. நீங்க எடுக்குறீங்களா, நான் தாண்டவா?"

அவள் அவசரப்படவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நிற்கத் தெரியும். வெயிலிலும் மழையிலும் சரிவிலும் நின்றவர்கள். அவரால் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியுமோ, அதைவிட அதிக நேரம் அவளால் நிற்க முடியும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். வந்தார். கம்பை எடுத்தார். எங்களுக்கு வழி விடுவதற்காக எடுத்தாரா, தன் தூண்டிலைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வழி கிடைத்தது.

மீன் விழுந்ததா?

இந்த இடத்தில் எல்லாரும் ஒன்று கேட்பார்கள். லயத்தில் கேட்டார்கள், மகள் தொலைபேசியில் கேட்டாள், இதைப் படித்துத் திருத்தும் பத்திரிகைத் தம்பியும் கேட்பார். அன்றைக்குத் தாண்டிய தூண்டிலில் மீன் விழுந்ததா?

சொல்ல மாட்டேன்.

விழுந்தது என்று சொன்னால், அதனால்தான் அவளுக்குக் கரையில் இடம் கிடைத்தது என்பீர்கள். விழவில்லை என்று சொன்னால், பாலையா அண்ணன் சொன்னது சரி என்பீர்கள். அவள் அங்கே உட்காருவதை மீன் வந்து தீர்மானிக்கத் தேவையில்லை. அவள் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை உட்கார்ந்தாள். நான் எழுத நினைத்தது அவ்வளவுதான்.

பாலையா அண்ணன் இப்போதும் எங்களிடமிருந்து தள்ளித்தான் உட்காருகிறார். பேச்சு உண்டு, முன்னைப்போல இல்லை. அது அவர் விருப்பம். சரோஜா மலைக்கு இன்னும் திரும்பவில்லை, திரும்புவாளா என்றும் தெரியாது. லயத்துப் பேச்சும் நிற்கவில்லை. நிற்காவிட்டால் போகட்டும்.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. இன்றைக்குக் கரைக்குப் போவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கஞ்சி அடுப்புல இருக்கு. சூடாக் குடிங்க" என்றாள்.

பதிலுக்கு நிற்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.